ஆர்?

சோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில்
பிழையாய் அச்சான கலியாணக் கார்டுகளின் முதுகில்
ஒரு கார்டுக்கு ஒரு சொல் என்று எழுதி அடுக்கியிருக்கிறேன்:
மிகைப்படக் கூறல், குறைத்துக் கூறல், முரண்தொடர்,
இடக்கரடக்கல். ஆங்கிலப் பெயர் பச்சை மையில்.
உதாரணத்துக்கு இரண்டு விரல் இடம்.
புத்தகத்து உதாரணங்களில் பனி கொட்டுகிறது,
செம்மறிகள் மேய்கின்றன.
ஒட்டுசுட்டான் வெயிலில் இருந்துகொண்டு
அவற்றை நம்பி எழுதக் கை வருவதில்லை.

தவரூபி வந்தாள். பத்தாம் வகுப்பு மட்டும்
எனக்குப் பின்வாங்கில் இருந்தவள்.
சைக்கிள் கரியரில், உரப்பையில் சுற்றி,
மிதிபட்ட தென்னம்பிள்ளை ஒன்று, வேரோடு.
“ஆனை அடிச்சதுக்கு விண்ணப்பம். இங்கிலீசிலயும் வேணுமாம்.”

பேனையை எடுத்தேன். “எத்தின பிள்ளையள்?”
“பதினொண்டு.”
கொப்பிக்கு நின்ற லான்ட்மாஸ்டர்க்காரன்தான் முதலில் சிரித்தான்.
பிறகு நாங்கள் இருவரும்.
இரட்டுறமொழிதல் கார்டில்
அன்றைக்குத்தான் உதாரணம் ஏறியது.

தமிழில் பிள்ளை. ஆங்கிலத்தில் வெறும் கன்று.
வழக்கில் தேய்ந்து செத்துப்போன உருவகம்
என்று இதற்கொரு வகை இருக்கிறது.
மாசியிலிருந்து குடத்தில் தண்ணி சுமந்தவளிடம்
செத்த உருவகம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

“அம்பது எண்டு போடு தம்பி,” என்றான் லான்ட்மாஸ்டர்க்காரன்,
“எப்பிடியும் பாதியை வெட்டித்தான் தருவாங்கள்.”
மிகைப்படக் கூறலின் பயனை
என் விரிவுரைக் குறிப்புகள் இவ்வளவு தெளிவாய்ச் சொன்னதில்லை.
“பதினொண்டுதான். பன்னிரண்டாவது தப்பிட்டுது.
அதையும் எழுது.”
தப்பியதை எழுதப் படிவத்தில் கூடு இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

“ஆனையில நான் பிழை சொல்லேல்ல,” என்றாள்.
“இடம்பெயர்ந்து போட்டுத் திரும்பி வர
என்ர காணியில பாதி காடெண்டு கல்லு நிக்குது.
காடெண்டா ஆனை வரும்தானே.”
அவ்வளவுதான். ஆகவே என்ற சொல்லை
அவள் வாயில் எடுக்கவேயில்லை.
முடிவைக் கேட்பவனிடமே விட்டுவிடும் வாதம்.
அதற்குக் கிரேக்கப் பெயரொன்று உண்டு;
மூன்று நாளாய் எனக்கு எழுத்துக்கூட்ட வராத பெயர்.

தட்டினேன்: எல்லைக் கற்கள் நடப்பட்டிருந்தன.
தமிழில் வாசித்துக் காட்டினேன்.
“ஆர் நட்டதெண்டு இல்லையே?”
“இங்கிலீசில, உத்தியோகக் கடிதத்தில,
அப்பிடித்தான் எழுதுறது. அதுதான் மரியாதை.”
“அப்ப ஆனைக்கும் அந்த மரியாதையைக் குடன்.
பிள்ளையள் மிதிக்கப்பட்டிருந்தன எண்டு போடு.
ஆனையின்ர பேர் மட்டும் என்னத்துக்கு?”

மின்விசிறி சுற்றியது.
லான்ட்மாஸ்டர்க்காரன் மிச்சக்காசை எண்ணுவதுபோல நின்றான்.
அழித்துவிட்டு
திணைக்களத்தின் பெயரை எழுவாயாய் வைத்தேன்.
வசனம் கட்டையாய்ப் போனது.
விரல் ஏனோ இரண்டு தரம் பிழைவிட்டது.

சோதனையில் கேட்டிருந்தார்கள்:
பதிலை எதிர்பாராத வினா, உதாரணத்துடன் விளக்குக.
பனியையும் செம்மறியையும் வைத்து
அரைப்பக்கம் எழுதிவிட்டு வந்தேன்.

பதில் கடிதம் ஆவணியில் வந்தது.
மொழிபெயர்க்கச் சொல்லி நீட்டினாள்.
ஒரேயொரு வசனம்.
தங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

“ஆர்?” என்றாள்.

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.
அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.