ரத்து செய்யும் முறை

தம்புச் செட்டித் தெருவில்
நோட்டுப் புத்தக மொத்தக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
பதினோரு பேருக்கு நான்கு ரேடியோ செட்.
ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது,
பார்சல் ஆபீஸின் முதுகு தெரியும்.

சிவப்புப் பொத்தானுக்கு ஒரு மூடி உண்டு.
தூக்கி, அழுத்தி, ஐந்து விநாடி
விடாமல் பிடிக்க வேண்டும்.
ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பது
விரலுக்குத்தான் தெரியும்.

பிறகு பதினாறாம் சேனல்.
மேடே மேடே மேடே.
கப்பலின் பெயர் மூன்று முறை.
ஒன்பது இலக்க எண்.
எங்கே இருக்கிறாய், என்ன ஆயிற்று,
என்ன வேண்டும், எத்தனை உயிர்.
ஓவர்.

கீழக்கரை நிஸ்தார் முதல் நாளே
நடுவில் ஒரு 'ப்ளீஸ்' சேர்த்துவிட்டான்.
ஞானதிரவியம் சார் அரை மார்க் குறைத்தார்:
'கெஞ்சுற நேரத்துல
ரெண்டு டிகிரி சொல்லியிருக்கலாம், தம்பி.'

நாங்கள் அனுப்பியது எதுவும்
காற்றில் ஏறவில்லை.
ஆண்டெனா இருக்க வேண்டிய இடத்தில்
கறுப்பாக ஒரு தகர டப்பா, உள்ளே மின்தடை.
ஒரு நாளைக்கு நாற்பது கப்பல் மூழ்கும்.
அத்தனை அலறலையும் அது
வாங்கி வாங்கிச் சூடாக்கிவிடும்.
ராஜமன்னார் ஒருநாள் அதன்மேல்
ஆறிய சமோசாவை வைத்துப் பார்த்தான்.
வெதுவெதுப்புகூட வரவில்லை.

வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து ஒருவர் வந்தார்.
அதிர்வெண் கேட்டார், சொன்னேன்.
பேட்டரி கேட்டார், சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
'கை தவறி அலாரம் போயிடுச்சு.
கப்பல்ல எல்லாரும் நல்லா இருக்காங்க.
என்ன செய்வீங்க, ஜெபக்கனி?'

'செட்டை அணைச்சிடுவேன் சார்.'

'அணைச்சிட்டு?'

எனக்கு எதுவும் தோன்றவில்லை.

'நீங்க அணைச்சிட்டுப் போய்த் தூங்குவீங்க.
முப்பது மைல் தள்ளி ஒருத்தன்
கப்பலைத் திருப்பிட்டு இருப்பான்.'

போன ஆடியில், ராத்திரி இரண்டு மணிக்கு
மரக்காணத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.
'முடியலக்கா' என்றேன். அவ்வளவுதான்.
உடனே வெட்கமாகிவிட்டது. அணைத்துவிட்டேன்.
தூங்கியும்விட்டேன்.

காலை எட்டு மணிக்கு ராயபுரம் வீட்டுக் கதவு.
கோயம்பேட்டுக்கு வரும் கத்தரிக்காய் வேனில் ஏறி
மரியபுஷ்பம் வந்து நிற்கிறாள்,
இரண்டு காலில் இரண்டு ஜோடிச் செருப்பு.
என் கையில் இட்லித் தட்டு.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு
தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள்.
மத்தியானம் பஸ் ஏறும்போதுதான்
செருப்பைப் பார்த்தாள்.

'அனைத்து நிலையங்களுக்கும்னு கூப்பிடணும்.
கப்பல் பேரு, எண்ணு, இடம்.
இந்த மணிக்குப் போன என் அபாய அழைப்பை
ரத்து செய்றேன்னு
வாயைத் திறந்து சொல்லணும்.
சொன்னா யாரும் தண்டிக்கப் போறதில்லம்மா.
சொல்லாம விடுறவங்களைத்தான்.'
மறுதேர்வு அடுத்த மாதம் என்று எழுதி
பேனாவை மூடினார்.

பீச் ஸ்டேஷன், இரண்டாம் பிளாட்பாரம்.
வேளச்சேரி வண்டி கிளம்பப் போகிறது.
போனை எடுத்து
ஐந்து விநாடி சும்மா பிடித்திருந்தேன்.

'அக்கா, ஜெபாதான். ஸ்டேஷன்ல இருக்கேன்.
போன ஆடியில ராத்திரி ஒரு போன் பண்ணேனே, அது...'

ஹார்ன்.

'என்னடி? கேக்கல.'

'அந்த ராத்திரி பண்ணேனே, அப்பவே உன்கிட்ட...'

எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி.

'சத்தமா சொல்லுடி.'

எதையும் மூன்று முறை சொல்லச் சொன்னவன்
என்றைக்கோ இங்கே நின்று
யாருக்கோ போன் செய்திருக்க வேண்டும்.