எங்கள் கடல்களை

நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை.
உட்கார்ந்தால் முட்டி வந்து தாடையைத் தொடுகிறது.
எஸ்தோனியா, ஹீயுமா தீவு,
கேய்னா தேவாலயத்தின் பின்னறை.
வியாழக்கிழமை ஐந்து மணி வகுப்பு.
எட்டுப் பிள்ளைகள். ஒன்பதாவது நான்,
வயது அறுபத்தெட்டு.

பெரிய நாற்காலி எடுத்துவரப் போனார் போதகர் மாரெட்.
வேண்டாம் என்றேன்.
ஏன் சொன்னேனோ, இடுப்பு மூன்று நாள் வலித்தது.

என் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் தொங்கியது:
வானத்துக்குப் போய்ப் பார்த்தாயிற்று, அங்கே யாருமில்லை.
அதையே எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
பிறகு முப்பத்தொரு குளிர்காலம்
உறைந்த கடலின்மேல் நடந்து
துளையிட்டு அளப்பது உத்தியோகம்.
பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர்,
எந்த வண்டி போகலாம், எது கூடாது.

கடற்பாதையில் ஒரு விதி உண்டு.
இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும்,
உடைந்தால் குதிப்பதற்கு.
கரைக்கு வந்தபின்னும் அப்படியே இருந்துவிட்டேன்,
வீட்டில், கல்யாணத்தில்,
எதிலும் பட்டை மாட்டாமல்.

பக்கத்தில் லோவீசே. ஆறு வயது, முன்பல் இல்லை.
கிரேயான் பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.
நீலம் மட்டும் தரமாட்டாளாம்.
ஆட்டுக்குட்டிக்குப் பச்சை பூசினேன்.
"புல் தின்னுச்சா?"
ஆமாம், நிறைய.

ஜெப நேரம். எனக்கு வராது என்று
எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.
"ஹெல்தூர், குனி" என்று சட்டையைப் பிடித்து இழுத்து
காதுக்குள் ஒவ்வொரு வரியாக ஊதினாள்,
பால் வாசத்தோடு, பல்லில்லாத காற்றோடு.
முன்னால் போகிறவரின் தடத்தில் கால் வைத்து
பனியில் போவதுபோல
பின்னாலேயே போனேன்.
பிதா என்றாள். பிதா.
அப்பம் என்றாள். அப்பம்.
"எங்கள் கடல்களை மன்னியும்."

கடன்களை, என்றான் பின்னாலிருந்த பையன்.
கடல்களைத்தான், என்றாள் திரும்பாமலே.

எழுபத்தொன்பது, பிப்ரவரி.
நீரோட்டம் திரும்பும் அந்த வளைவு தூரத்தில் இருந்தது.
மணி நாலரை. விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை.
போகவில்லை. துளையிடவில்லை.
அதற்கும் இருபத்தாறு என்று நோட்டில் எழுதிவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்தேன்.
மறுநாள் அந்த வழியாக
பால் வண்டி ஓட்டி வந்தான் அண்ணன் எண்டெல்.

விசாரிக்க வந்தவர்கள் நோட்டைப் புரட்டினார்கள்.
நோட்டில் தவறே இல்லை.
என்னை விட்டுவிட்டார்கள்.
அம்மா சாகும்வரை கடலைத் திட்டினாள்,
நானும் கூடவே திட்டினேன்,
நாற்பத்தைந்து வருடம், ஒரு சொல் மாற்றாமல்.

எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.
லோவீசே மட்டும் நின்றாள், என்னைப் பார்த்தபடி,
தடம் தவறியவனுக்காக வழியில் நிற்பவள்போல.
"சொல்லேன்."

கடல்களை, என்றேன்.
குரல் வரவில்லை.
மறுபடி சொன்னேன், எங்கள் கடல்களை.
"ம்" என்றாள், வேறொன்றும் இல்லாமல்,
அடுத்த வரியைத் தொடங்கினாள்.

மாரெட் பார்த்தார். திருத்தவில்லை.
வெளியே மழை. இந்தக் குளிர்காலமும் கடல் உறையவில்லை.

ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் தாளில் இடம் இருந்தது.
அளக்காமல் கேட்டேன்:
நீலம் தருவாயா?
யோசித்தாள்.
கிரேயானை இரண்டாக உடைத்து
சின்னத் துண்டை என் பக்கம் தள்ளினாள்.