மேசைமேல்

தெல்லிப்பழை மிஷன் வளவில் பெட்டி உடைத்தோம்.
வைக்கோலுக்குள் விளக்குக் கண்ணாடிகள் பன்னிரண்டு.
ஒன்பது முழுசு, மூன்று நொருங்கல்.
ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கடதாசி.
கண்ணாடி ஐயருக்கு. கடதாசி எனக்கு.
"வாசித்துப் பழகும், முன்ஷியார்.
எங்கள் தேசத்தில் தெற்கே ஒரு மாகாணம்,
அதன் சட்டசபை போன மார்கழியில் நடந்த கணக்கு இது."

முதற்சொல்லிலேயே தடக்கினேன்.
அவர்கள் சபையை வீடு என்கிறார்கள்.
வீடு கூடிற்று. வீடு ஒத்துக்கொண்டது.
அந்திக்கு வீடு எழும்பிப் போயிற்று.
எங்கே போகும் ஒரு வீடு, இருட்டில்?
அடித்துவிட்டுச் சபை என்று எழுதினேன்.

பதினோராம் நாள் பனி விழுந்தபடியால்
ஆள் போதவில்லையாம்.
எனக்குச் சிரிப்பு. பனிக்குப் பயந்த பிரபுக்களா?
தரையைப் பிளக்கும் தைப்பனியில்
விடியமுன்னே புகையிலைக்குத் துலா மிதிக்கிறான்
எங்கள் நன்னியின் புருஷன்.
ஐயர் தன் தொடையில் கைவைத்துக் காட்டினார்:
வெள்ளையாக, தரையில், இவ்வளவு.
நம்பினவன்போலத் தலையாட்டினேன்.

பிறகு ஓநாய்க்கு விலை வைத்தார்கள்.
தலை கொண்டுவந்தால் இத்தனை வெள்ளி.
பெண் ஓநாய்க்குக் கூடக் கொடுப்பதோ என்று ஒருவர் கேட்க
அன்றைய பகல் அதற்கே போயிற்று.
ஆற்றுப் பாலத்துக்கு ஆயம்,
மாட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு.
ஆறே இல்லாத ஊரிலிருந்து
அந்த ஆயத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
ஒரு பிழை இருந்தது.
மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று ஒருவருக்கு எட்டு நாள் விடுப்பு.
எல்லாரும் ஓம்.

பாலத்துக்கு ஓம் என்றவர் அறுபத்தொருவர்,
இல்லை என்றவர் நாற்பது.
இந்த இடம் மட்டும்
எங்கள் சந்தைப் பேச்சாகவே தமிழில் விழுந்தது.

ஒன்பதாவது கண்ணாடியின் கடதாசியில்
தொற்காள் என்று ஒருத்தி.
வேதப் புத்தகத்துத் தொற்காள் விதவைகளுக்கு அங்கி தைத்தவள்,
செத்து எழும்பினவள்.
இவள் வேறே.
உடையவன் சாகக் கிடக்கும்போது இவளை விட்டுவிட்டான்.
விடப்பட்டவர் பன்னிரண்டு மாதத்துக்குள்
மாகாணத்தை விட்டுப் போகவேணும், அது சட்டம்.
பிள்ளைகள் மூன்றும் இன்னும் வேறொருவன் முதிசம்.
நாலு வரி மனு.
இருக்க விடுங்கள்.

அதன்கீழே:
மேசைமேல் வைக்கப்பட்டது.

"மேசைமேல் வைத்தால் நல்லதுதானே,
எல்லாரும் பார்க்கலாமே" என்றேன்.
ஐயர் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.
"வைத்தால் பிறகு எடுக்கமாட்டார்கள்.
அதற்குத்தான் அந்தச் சொல்."

அடுத்த வரி திரும்பவும் ஓநாய்.

இரவு மாமனார் வந்தார்.
நன்னி பெண் பெற்றிருக்கிறாள்.
சித்திரை தொடங்கிப் பிறக்கிற பெண்கள் அடிமையில்லை என்று
கோட்டையடியில் பறையடித்தாயிற்று.
உடையவனுக்கு மூன்று இறைசால், அவ்வளவுதான்.
"மூன்று இறைசாலுக்கு ஒரு நல்ல கிடாய் வருமோ?
உம்முடைய கை அழகான கை.
பங்குனி இருபது என்று போட்டுக்
கச்சேரிக்கு ஒரு மனு எழுதும்."

பிள்ளை பிறந்தது வைகாசியில்.
முதல் அழுகை என் காதில் விழுந்தது;
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.
எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை.
வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்து
மேசைமேல் வைத்து,
காற்றுக்குப் பறக்காமல்
மடியில் கொண்டுவந்த கண்ணாடித் துண்டொன்றைப்
பாரமாக வைத்தேன்.
மை காய்ந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

ஓம் என்றவர் ஒருவர், மாமனார்.
இல்லை என்றவர் ஒருவருமில்லை.

கோடிக்கு அப்பால் குடிலில்
பிள்ளை திரும்ப அழுதது, கனநேரம்.
வீடு எழும்பவில்லை.