இருபத்தெட்டு நிமிடம்

செவ்வாய் இரவு லெம்விக்கில் காற்று ஓய்ந்தது.
கரையோரக் காற்றாலைகள் ஒவ்வொன்றாய் நின்றன.
மின்சாரம் இளைக்க,
தண்ணீரைப் பிளக்கும் பெட்டிகள்
பாதி வாயை மூடிக்கொண்டன.
உலைக்குள் ஹைட்ரஜன் நூலளவாய் இறங்கியது.

விடியலில் காற்று திரும்பிவிட்டது.
டோர்தேயின் கணினி சொன்னது:
பன்னிரண்டு நிமிடத்தில் உலை பழைய சூட்டுக்கு வரும்.
வந்தது.
நாற்பதாவது நிமிடத்தில்.

செம்பின் மேல் கரியமில வாயு எங்கே அமரும்,
முதல் ஹைட்ரஜன் எந்தப் பக்கம் ஒட்டும்,
ஏற வேண்டிய மேடு எவ்வளவு உயரம்,
எல்லாம் அவளிடம் இருந்தது.
எழுபத்து மூன்று படிகள், படிக்கொரு வேகம்,
மூன்று குளிர்காலம்.
உலையை மட்டும் இரண்டே முறை நேரில் பார்த்திருக்கிறாள்,
இரண்டு முறையும் மழை.

ஆஸ்கெருக்கு ஆலையில் இரவுப் பணி.
கணக்கு வராது என்பான். பொய்.
"வடிதொட்டியைப் பார்த்தாயா?" என்றான் தொலைபேசியில்,
ரொட்டியை மென்றுகொண்டே.
"காற்று வந்ததும் முதலில் இறங்குவது மெத்தனால் இல்லை.
தண்ணீர். ஒவ்வொரு தடவையும்.
குறிப்பேட்டில் எழுதித்தான் வைக்கிறேன்.
யார் படிக்கிறார்கள்?"

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
*தண்ணீர்: பிறந்ததும் நீங்கும்.*
முதல் குளிர்காலத்தில், வசதிக்காக,
அவளே எழுதியது.
பக்கத்தில்: *பிறகு திருத்த வேண்டும்.*

நீங்கவில்லை.
காற்றில்லாத இரவு முழுக்கச்
செம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது,
சாப்பிட்டு முடித்தும் இலையை மூடாமல்
ஊர்க்கதை பேசும் முந்தின பந்தி போல.
புது ஹைட்ரஜன் வாசலில் நிற்கிறது,
கை கழுவி,
இடம் தேடி.

எந்த மனிதரிடமும் கண்டிராத நாகரிகத்தை
தண்ணீரிடம் எதிர்பார்த்திருக்கிறாள்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
இரண்டு மாநாடுகளில் அந்தப் பன்னிரண்டைக்
கோடாக வரைந்து காட்டியிருக்கிறாள்,
தடித்த நீலத்தில்.

வரியை மாற்றினாள்.
எழுந்துபோக தண்ணீருக்கும் ஒரு மேடு வைத்தாள்,
அதன் உயரத்தை இரண்டு நாள் தேடினாள்.
மூன்றாம் நாள் மாலை, திரையில்:
முப்பத்தேழு.

இன்னும் மூன்று நிமிடம்
எங்கோ, யார் மேலோ, உட்கார்ந்திருக்கிறது.

ஆஸ்கெரை அழைத்தாள்.
குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்ப முடியுமா,
எல்லாப் பக்கத்தையும்?

முதல் பக்கம் வந்தது,
ஓரத்தில் வெண்ணெய்க் கறையோடு.
ஜன்னலுக்கு வெளியே மறுபடியும்
கொடிகள் தொங்கத் தொடங்கியிருந்தன.