தலை எண்ணிக்கை

பதினோரு மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்
டிசம்பரில் எங்கே போக வேண்டும்?
பிள்ளைகளே இல்லாத ஏதாவதொரு மலைக்கு.
நான் கப்பலுக்குச் சீட்டு வாங்கினேன்.
கோகி ஆறு வருஷமாகக் கேட்டது.
பிப்ரவரியில் போனால் பாதி விலை.
பிப்ரவரியில் எனக்கு ஏது விடுமுறை?

டர்பன் துறைமுகத்தில் நான்கு மணி நேர வரிசை.
சக்கரப் பெட்டிகள்,
வீட்டிலேயே ஊதிக் கொண்டுவந்த ரப்பர் முதலை,
ஊறுகாய் பாட்டிலுக்காகக் காவலரிடம்
வாதாடிக்கொண்டிருந்த ஒருத்தி
(என் மனைவிதான்).
என் விரல் தானாக எழுந்து
தலைகளை எண்ணத் தொடங்கியது.
முந்நூறில் பிடித்து நிறுத்தினேன்.
இதில் ஒரு தலைகூட என் பொறுப்பில்லை.
அந்த நினைப்பே
நெஞ்சுக்குள் இறங்கிய குளிர்ந்த சோடா.

ஏணிப்படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து,
"படையாச்சி அங்கிள்!"

கேவன்.
முதல் இருக்கை, ஜன்னலோரம்.
திங்கள்தோறும் மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கிறவன்.
அவனுக்கென்றே என் இருக்கைக்கடியில்
நீலப் பிளாஸ்டிக் பை ஒரு கட்டு உண்டு.
"இதையும் நீங்கதான் ஓட்டுறீங்களா?"
அவனுக்குப் பின்னால் தெஷ்னி, அவள் தம்பி,
லிஃப்டுக்குள்
சாட்ஸ்வொர்த் வண்டியின் கடைசி வரிசை மொத்தமும்.
கோகி சிரித்த சிரிப்பில் தொப்பி பறந்தது.
சிரிப்பு இல்லை, காற்று.

ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய கப்பல்
புறப்படவில்லை.
துறைமுக வாயை மூடிவிட்டார்கள்,
காற்று அடங்கும்வரை கட்டின கயிறு கட்டினபடி
என்றது ஒலிபெருக்கி.
கொடுத்த காசைப் பற்றி
எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
எனக்கோ சந்தோஷம்.
கிளம்பாமல் இருக்கத் தெரிந்த ஒருவன்
மேலே உட்கார்ந்திருக்கிறான்.
நல்ல டிரைவர்.

இப்படியாக இரண்டாயிரம் பேர்
ஊரை விட்டு நகராமலே ஊர் சுற்றினோம்.
நீச்சல் குளத்தில் தண்ணீரைவிடப் பிள்ளைகள் அதிகம்.
சாய்வு நாற்காலிகளில்
ஆளுக்குப் பதில் துண்டுகள் வெயில் காய்ந்தன.
ஐஸ்கிரீம் இயந்திரம் இருமி இருமி
ஆறு மணிக்குப் படுத்துவிட்டது.
வழக்கில் ஜெயித்த ஊறுகாய்
மேசை மேசையாகப் போய்
காலி பாட்டிலாகத் திரும்பி வந்தது,
கூடவே நான்கு புதுச் சிநேகிதிகள்.

ராத்திரி பன்னிரண்டாவது தளத்தில் நின்று
சொந்த ஊரைப் பார்த்தோம்.
கரையோர ஓட்டல்கள், பளு தூக்கிகள்,
மைதானத்தின் வெள்ளை வளைவு,
தூரத்துக் குன்றுகளில் பொரியாய்ச் சிதறிய வெளிச்சம்.
அதில் ஒரு பொரி எங்கள் வீடு.
"சமையலறை விளக்கை அணைச்சோமா?"
அத்தோடு கோகிக்கு விடுமுறை கெட்டது.
சரியாக அப்போது
ஒரு குன்று முழுக்கச் சட்டென்று இருண்டது.
மின்வெட்டு.
"அணைஞ்சிடுச்சு" என்றாள்,
என் தோளில் சாய்ந்து.

விடியுமுன் எப்போதோ கயிறு அவிழ்ந்திருக்கிறது.
ப்ளஃப் முனை தாண்டியதும் கடல்
தன் வேலையை ஆரம்பித்தது.
இருபத்திரண்டு வருஷம்
குண்டும் குழியுமாய் ஓட்டிய வயிறு
காலை உணவைப் பார்த்த மாத்திரத்தில்
கை விட்டுவிட்டது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.
பக்கத்தில் யாரோ ஐஸ்கிரீம் நக்கும் சத்தம்.
கேவன், இரண்டு கரண்டி, ஸ்ட்ராபெரி,
கல்லில் அடித்த மாதிரி நேராக நிற்கிறான்.
கால்சட்டைப் பையில் துழாவி
ஒரு நீலப் பையை நீட்டினான்.
"அம்மா எப்பவும் வச்சுவிடுவாங்க.
எனக்குத்தான் இங்க ஒண்ணும் ஆகலையே."
பிறகு அச்சு அசலாக என் குரலில்:
"கிட்டப் பார்க்காதே. தூரத்தைப் பாரு."

பார்த்தேன்.
தூரம் ஏராளமாக இருந்தது.

அவன் நகரவில்லை.
தளத்தில் துள்ளி ஓடும் தலைகளை
விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான்,
பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினேழு.
திருத்த வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
இன்னும் மூன்று நாள் இருக்கிறது.