அடிபிடிக்காமல்

ஓஷ் நகரில், இரண்டு பழைய அடுக்குமாடிகளுக்கு நடுவே
ஒரு கொப்பரை.
முளைகட்டிய கோதுமைப் பால், மாவு, எண்ணெய்,
அடியில் கழுவிப் போட்ட ஆற்றுக் கூழாங்கற்கள்.
விடியும்வரை கை ஓயக் கூடாது.
ஓய்ந்தால் அடிபிடிக்கும்.

மூன்றாம் மாடி வாடகைக்காரி எனக்கும்
ஒரு அரைமணி ஒதுக்கியிருந்தார்கள்.
துடுப்பு என் உயரம்.
நான் கிண்டினேன். அது தப்பு.
துழாவ வேண்டும் என்பதை
மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள் ஜமீரா:
கல்லைத் தொடு, நகர்த்து, சுற்றி வா.

ஜமீராவுக்கு வாய் சும்மா இராது.
கிண்டுவதிலிருந்துதான் கிண்டல் வந்திருக்க வேண்டும்.
"புருல்கான் அக்கா, அந்தத் தையல் மெஷின் ஞாபகம் இருக்கா?"
இரண்டு பேர் சிரித்தார்கள்.
பாதி புரிந்தது. மீதியை ஆய்சுலு காதில் சொன்னாள்:
சாய்கல் இரவல் வாங்கிய மெஷின்,
ஊசி முறிந்து திரும்பிய மெஷின்,
ஒரே படிக்கட்டில் பதினொரு வருடம்
முகம் பாராமல் ஏறி இறங்க வைத்த மெஷின்.
கிளறினால் சாம்பலுக்கடியில் எப்போதும் ஏதோ கிடக்கிறது.

புருல்கான் பதில் சொல்லவில்லை.
ஆப்ரிகாட் கிளை இரண்டை உள்ளே தள்ளினாள்.
தீ மூட்டுகிறவளுக்கு மூட்டு வலி.
என் மொழி இப்படித்தான்,
எரிகிற இடத்துக்கும் மடங்குகிற இடத்துக்கும்
ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு
சண்டைக்கும் அதையே எடுத்துக்கொள்ளும்.

தூண்ட, திரிக்கு ஒரு விரல் போதும்.
மீனுக்கு ஒரு புழு.
ஜமீரா இன்னும் இரண்டு முறை முயன்றாள்,
உசுப்பினாள், ஊதினாள்.
பற்றவில்லை.

மூன்று மணிக்குச் சாய்கலின் முறை.
பெஞ்சில் உட்கார்ந்தபடியே
மகன் விட்டுப்போன கோட்டுக்குள் தூங்கிவிட்டிருந்தாள்.
(மகன் மாஸ்கோவில், இரவு டாக்சி.)
ஜமீரா எழுந்தாள், எழுப்ப.
புருல்கான் துடுப்பை விடாமலே
தலையை மட்டும் அசைத்தாள்.

அரைமணி. பிறகு இன்னொன்று.
பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
அடியில் கற்கள் உருண்டன,
பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி.
வலது காலை ஒரு செங்கல்மேல் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

கிழக்கு வெளுத்ததும் சாய்கல் தானாகவே விழித்தாள்.
கொப்பரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.
"ஏன் எழுப்பல?"
பதினொரு வருடத்தில் முதல் பேச்சு, அதுவும் கோபமாக.

"உன் கையில குடுத்தா
துடுப்பும் முறிஞ்சிடும்" என்றாள் புருல்கான்.

எல்லோரும் ஜமீராவைப் பார்த்தோம்.
அவள் மூடியைத் தேடப் போனாள்.