அரைப்பேர்

ஹட்டனில், இரும்புக்கடைக்கு மேலே,
வாடகைக்கு எடுத்த ஒன்றரை அறையில்
அந்தச் சேவையை நான்தான் ஓட்டுகிறேன்.
ஓட்டுகிறேன் என்பதும் பெரிய சொல்.
கணினி விழித்ததும் அதுவும் விழிக்கும்,
திரையை விட்டுக் கழன்றுகொள்ளும்,
பெற்ற பிராசஸ் செத்துப்போக
ஒன்றாம் இலக்கம் அதைத் தத்தெடுக்கும்.
பிறகு எண்ணூற்று எழுபத்து மூன்றாம் கதவில்
காதை வைத்துக்கொண்டு கிடக்கும்.
யாரும் அதைத் தேடி வருவதில்லை.
வந்தால் ஏதோ பிழை.

மேல்டிவிசன் கொட்டிலில் தராசு ஏறி இறங்க
ஆளின் இலக்கமும் கிலோவும்
ஸ்டோர் ஆபீஸில் இருக்கும் பழைய லினக்ஸில் விழும்.
ஐந்து மணிக்குக் கோப்பு மூடிவிடும்.
ஏழுக்கு முதல் நடை, பிறகு மணிக்கொரு நடை,
விடியற்காலை கொழும்புக்கு.
போகவந்தலாவையில் மழை பிடித்தால்
லைன் அறும், கோப்பு பாதியில் நிற்கும்.
அழாது, கூப்பிடாது,
பத்து நிமிஷம் பொறுத்து
விட்ட இடத்தைத் தொட்டுக்கொள்ளும்.

அதில் ஒன்று எனக்குப் பிடிக்கும்.
வந்துகொண்டிருக்கும் கோப்புக்கு அது சொந்தப்பேர் கொடுக்காது.
முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஆறெழுத்துக் கிறுக்கல்,
மறைவாய் வைத்திருக்கும்.
கடைசி பைட்டும் வந்து, கூட்டிச் சரிபார்த்து,
அப்புறம்தான் முழுப்பேர்.

தோட்டத்திலும் அப்படித்தான்.
பதினெட்டு கிலோவுக்கு முழுப்பேர்.
பதினேழே முக்காலுக்கு அரைப்பேர்.
பேர் என்றால் நாட்சம்பளம் என்று
கொழும்பில் இருக்கும் தினுகவுக்கு
மூன்று தரம் விளக்கிவிட்டேன்.
பேர் என்றால் பேர்தானே, என்கிறான்.

புதன்கிழமை லாக்:
ஏழு மணி, பெறப்பட்டது.
எட்டு, மாற்றமில்லை.
ஒன்பது, மாற்றமில்லை.
பத்து, பெறப்பட்டது.

ஐந்துக்கு மூடிய கோப்பில் பத்துக்கு என்ன புதுசு?
அளவைப் பார்த்தேன். ஒரு பைட் கூடவுமில்லை, குறையவுமில்லை.
இருபதுக்கும் இரண்டு இலக்கம்,
பதினேழுக்கும் இரண்டு இலக்கம்.

இந்தச் சேவை திருட்டுப் பிடிக்காது.
பழசையும் புதுசையும் துண்டு துண்டாய் ஒப்பிட்டு
ஒவ்வாத துண்டை மட்டும் வாங்கிப்
பழசின் மேல் பொருத்திவிடும்.
பொய்யானாலும் ஒரு புள்ளி சிந்தாமல்
கொண்டுவந்து சேர்க்கும்.

தற்செயல்தான்: புது டிஸ்க்கைச் சோதிக்க
அன்று எட்டரைக்கு நான் ஒரு பிரதி எடுத்திருந்தேன்.
இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது வரிகள்.
பூமயில், இருபது, பதினேழு.
அந்தோனியம்மா, இருபத்தொன்று, பதினேழு.
ராக்காயி, பத்தொன்பது,
அவளுக்கும் பதினேழு.
மாற்றியவருக்கு அந்த எண் கைவந்திருந்தது.

காலையில் ஸ்டோருக்கு போன் எடுத்தேன்.
"ஈரக்கழிவு மிஸ்" என்றார் பெரிய கிளாக்கர்.
"நேத்து மழையில நனைஞ்ச கொழுந்து.
தண்ணிக்கும் சம்பளம் குடுக்கவா?"

போனை வைத்துவிட்டு லாக்கை மேலிருந்து கீழே படித்தேன்.
புதன்கிழமை லைன் ஒருமுறைகூட அறவில்லை.
இந்தப் பதினெட்டு மாசத்தில்
அங்கே மழை பெய்து
லைன் அறாத நாள் ஒன்று கிடையாது.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
மேலெழுதும் முன்னே பழசை எடுத்து வை,
தேதியும் மணியும் போட்டு.
சேவையை நிறுத்தி மறுபடி எழுப்பினேன்.
ஒன்றும் கேட்காமல் பழைய கதவுக்கே போய்க் கிடந்தது.

ஒன்பது வரிகளை அச்சடித்து
பிளேன்டீ கிளாசுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
சங்கத்து ஆபீஸ் வெள்ளிக்கிழமைதான் திறக்கும்.
திறந்தாலும் யார் கையில் கொடுப்பது,
கொடுத்த பிறகு எனக்கு இந்த ஒப்பந்தம் இருக்குமா,
அதற்கெல்லாம் லாக்கில் பதில் இல்லை.

இன்று வியாழன்.
பத்து மணி நடை தொடங்குகிறது.
மலைக்கு அந்தப்பக்கம் நிஜமாகவே மழை போல.
முன்னால் புள்ளியோடு ஒரு கோப்பு
பாதியில் நிற்கிறது,
பேர் விழாமல்.